கோபர்க் மண்சாலை: "திறந்திருக்கிறது" என்ற தகவலை எவ்வளவு நம்பலாம்?

டார்வினிலிருந்து கோபர்க் தீபகற்பம் சுமார் 570 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில், அராபுரா கடலைப் பார்த்தபடி நீண்டு கிடக்கும் நிலம். காரிக் குனக் பார்லு தேசியப் பூங்கா என்று பெயர். ஜபிரு என்ற ஊரைத் தாண்டியும் கொஞ்ச தூரம் வரை நல்ல தார்ச்சாலை. அப்புறம் முதலைகள் நிறைந்த ஓர் ஆறு. அதற்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குச் செம்மண், மணல், ஓடை.

மழைக்காலத்தில் தரைவழியாகப் போகவே முடியாது. மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், அதுவும் மழை எப்போது ஓய்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் பூங்காவுக்குள் இத்தனை வண்டிதான் என்று வரம்பு இருப்பதால், பெர்மிட்டுக்கு வெகு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தேதி மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடுகிறது, சாலையின் நிலை கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. பெர்மிட்டைக் கையில் வைத்திருப்பவர் கண்ணுக்கு எந்த அறிக்கையும் நல்ல அறிக்கையாகத்தான் தெரியும்.

இங்கே எழுதுவது அப்படி ஒரு பயணத்தைப் பற்றி. டார்வினில் வசிக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள், ஒரு பிராடோ, டிரெய்லர் மாட்டிய ஒரு ஹைலக்ஸ். மே மாதக் கடைசி. சாலை திறந்து அதிக நாள் ஆகவில்லை. கிளம்ப வேண்டிய வாரத்தில் பருவம் தப்பிய மழை ஒன்று வடகரையோரம் பெய்துவிட்டுப் போயிருந்தது.

ஒரு பாதை, நான்கு பொறுப்பாளர்கள்

"அண்ணை, ரிப்போர்ட்டில ஓபன் எண்டுதானே போட்டிருக்கு, பிறகென்ன யோசிக்கிறியள்?" என்று ஹைலக்ஸ்காரர் போனில் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், டார்வினில் பல காலமாக இருப்பவர், வண்டி ஓட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. வடக்கு ஆட்புல அரசின் சாலை அறிக்கையில் நாங்கள் போக வேண்டிய பாதைக்கு நேரே "திறந்திருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ் மட்டும்" என்றுதான் இருந்தது.

ஆனால் அந்த வரி முழுப் பாதையையும் பற்றியதல்ல. ஜபிரு வரையான ஆர்னெம் நெடுஞ்சாலையும், ஆற்றுக்கு அப்பால் போகும் பெரிய மண்சாலைகளும் அரசு அறிக்கையில் வரும். ஆற்றங்கரை வரை உள்ள பகுதி கக்காடு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. எந்த இடம் திறந்திருக்கிறது, எந்த முகாம் மூடியிருக்கிறது என்று அந்தப் பூங்கா நிர்வாகம் தனியாக ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஆற்றைக் கடந்ததும் ஆர்னெம் லாண்ட், பழங்குடி மக்களுக்குச் சொந்தமான நிலம். அங்கே யாராவது இறந்திருந்தாலோ சடங்கு நடந்தாலோ வழி மூடப்படலாம், அதற்கும் மண்ணின் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. கடைசியாகக் கோபர்க் பூங்காவுக்குள் இருக்கும் மணல் தடங்கள் அங்குள்ள ரேஞ்சர்களின் பொறுப்பு. ஓர் இடத்தில் பச்சை என்றால் நான்கு இடத்திலும் பச்சை என்று ஆகிவிடாது.

பாதையை ஒரு தாளில் கோடாக வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேரே மூன்று விஷயம் எழுதினேன்: யார் சொன்னது, எப்போது சொன்னது, அதற்குப் பிறகு அங்கே மழை பெய்ததா. இந்த ஆய்வு முழுவதும் அந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிடும். சாலை அறிக்கையை ஒரு சாட்சியின் வாக்குமூலமாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். சாட்சி நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் பார்த்தது போன செவ்வாய்க்கிழமையாக இருந்தால் வெள்ளிக்கிழமை மழை அவர் வாக்குமூலத்தில் இருக்காது.

அறிக்கையில் வரும் வகைகளையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "மூடப்பட்டது" என்றால் சட்டப்படி போகக்கூடாது. மீறினால் அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிடலாம். "கடக்க இயலாது" என்பது வேறு. யாரும் தடுப்பு வைக்கவில்லை, ஆனால் வண்டி போகாது என்று பொருள். "எச்சரிக்கையுடன்" என்பதுதான் மிகத் தொல்லையான வகை. அதற்குள் ஒரு சின்னப் பள்ளமும் இருக்கலாம், அரைச் சாலை அடித்துச் செல்லப்பட்டதும் இருக்கலாம். பாரம், வண்டி வகை பற்றிய கட்டுப்பாடு என்று இன்னொன்றும் உண்டு. லாரிக்காரர்களுக்குத்தான் என்று நினைத்துப் பலர் அதைப் படிப்பதேயில்லை. மழைக்குப் பிறகு ஒரு சாலையில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் விலக்கப்படவில்லை என்றால், அடிமண் காயவில்லை என்று துறையே சொல்கிறது. எங்கள் பாதையில் ஒரு துண்டுக்கு அது அப்போதும் இருந்தது. டிரெய்லர் வேண்டாம் என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

மழை எங்கே விழுந்தது?

ஆர்னெம் லாண்டில் மழைமானிகள் மிகக் குறைவு. டார்வினில் பத்து மில்லிமீட்டர் பெய்தது என்பதை வைத்து எங்கள் வழியில் இருக்கும் மர்கனெல்லாவில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. நல்ல வேளையாக வானிலைத் துறையின் ராடார் ஒன்று வாருவியில், தெற்கு கோல்பர்ன் தீவில் இருக்கிறது. கோபர்க்குக்கும் நாங்கள் போகும் மண்சாலைக்கும் அதுதான் பக்கத்து ராடார். டார்வின் ராடாரைப் பார்த்துவிட்டு வானம் தெளிவு என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். அவ்வளவு தூரத்தில் ராடார் கதிர் தரையிலிருந்து மிக உயரத்தில் போவதால் தாழ்வான மழைமேகம் கண்ணில் படாமலே போகலாம்.

மழை பெய்ததா என்பதைவிட எந்த மண்ணில் பெய்தது என்பது முக்கியம். அந்தப் பக்கம் பெரும்பகுதி சரளை கலந்த செம்மண். தண்ணீர் வடிந்துவிடும், நல்ல வெயில் அடித்தால் ஓரிரு நாளில் வண்டி தாங்கும். ஆனால் ஆற்றுப்படுகை ஓரச் சமவெளிகளில் இருப்பது கரிசல். கோவில்பட்டிப் பக்கம் மழை நாளில் செருப்போடு நடந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே களி அப்படியே இருக்கும், முன் வண்டி போன தடத்தில் பின் வண்டி இறங்கிவிடும். இப்படிப்பட்ட இடங்கள் வரைபடத்தில் பெரும்பாலும் ஓடைகளுக்கு அருகே வருகின்றன.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கிறது, ஒரு புள்ளி 10 மீட்டர். அதில் பள்ளம் தெரியாது, சாலையே மெல்லிய கோடாகத்தான் தெரியும். ஆனால் சமவெளியில் தண்ணீர் நிற்கிறதா, போன படத்தைவிடச் சுருங்கியிருக்கிறதா என்பது தெரியும். எங்களுக்கு முதலில் கிடைத்த படத்தில் பாதி மேகம். அதற்கடுத்த படத்தில் மர்கனெல்லா சமவெளியில் தண்ணீர் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அது ஓர் ஆறுதல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், அது சாலைக்கான தளமே இல்லை. வட ஆஸ்திரேலியத் தீத் தகவல் வரைபடம், நாஃபி என்பார்கள். சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறார்கள். அந்தப் பகுதிப் பழங்குடியினரான பினிஞ் மக்களின் நாட்காட்டியில் மே மாதம் யெக்கே பருவம். புல் காயத் தொடங்கும்போது சிறு சிறு தீயாக வைத்து எரிப்பார்கள், பின்னால் பெருந்தீ வராமல் இருக்க. நல்ல பழக்கம். ஆனால் கரையான் உள்ளே தின்ற யூகலிப்டஸ் மரங்கள் அடியில் எரிந்து, தீ அணைந்து சில நாள் கழித்து, காற்றே இல்லாமல் சாலையின் குறுக்கே சாயும். எங்கள் பாதையின் இருபுறமும் புதிதாக எரிந்த திட்டு நீளமாகத் தெரிந்தது. ரம்பமும் இழுப்புப் பட்டையும் பெட்டிக்கு அடியில் போகாமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம்.

கேஹில்ஸ் கிராசிங்

இந்தப் பயணத்தின் முடிச்சு மண்சாலையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே கேஹில்ஸ் கிராசிங் என்ற தாழ்வான கான்கிரீட் தளம். பாலம் கிடையாது, ஆறு அதன் மேலே ஓடும். சாலை அறிக்கை அதைத் திறந்திருப்பதாகச் சொல்லும் அதே நாளில் சில மணி நேரம் அது மூழ்கிக் கிடக்கும், ஏனென்றால் கடல் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், அதுவரை ஏறி வருகிறது.

டார்வின் பக்கம் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு எட்டு மீட்டரை நெருங்கும் நாட்கள் உண்டு. அந்த நீர் வான் டீமன் வளைகுடாவிலிருந்து ஆற்றுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஏறி, கிராசிங்கைத் தொடுவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. அதனால் டார்வின் ஓத அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். கிராசிங்குக்கென்றே கக்காடு நிர்வாகம் தனி அட்டவணை தருகிறது. அதையும் கடிகாரம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றின் உள்பகுதிகளில் ஏற்றம் வேகமாக வரும், வடிவது மெதுவாக நடக்கும். உச்சம் தாண்டிவிட்டது என்று இறங்கினால் நீர் இன்னும் வடிந்திருக்காது. மே மாதத்தில் மேலிருந்து மழைநீரும் வந்துகொண்டிருக்கும், தாழ் ஓதத்திலும் தளத்தின் மேல் நல்ல ஓட்டம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது. எங்கள் பெர்மிட்டின் முதல் நாள் பௌர்ணமிக்கு மிக அருகில் விழுந்திருந்தது, அதை விண்ணப்பிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

ஃபோர் வீல் டிரைவ் வகுப்புகளில் எல்லாம் சொல்லித்தரும் முதல் பாடம், தண்ணீரில் வண்டியை இறக்கும் முன் நடந்து பார் என்பது. கேஹில்ஸில் அந்தப் பாடத்தைக் காரிலேயே விட்டுவிட வேண்டும். ஓதத்தோடு வரும் மடவை மீன்களுக்காக உவர்நீர் முதலைகள் தளத்தை ஒட்டி வரிசையாகக் காத்திருக்கும். 2017 ஜனவரியில் இங்கே நடந்து கடக்க முயன்ற ஒருவரை முதலை கொன்றது. ஆகவே ஆழத்தை அளவுகோல் கம்பத்தில்தான் பார்க்க வேண்டும், கரையிலிருந்து, தள்ளி நின்று. எதிர்க்கரையிலிருந்து வரும் வண்டிகளின் சக்கரத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்பதையும் பார்க்கலாம். அங்கே அதைவிட நம்பகமான அளவு கிடையாது.

எங்கள் அட்டவணைப்படி முதல் நாள் டார்வினிலிருந்து நேராக வந்தால் கிராசிங்கை அடையும்போது நீர் ஏறிக்கொண்டிருக்கும். மறுபடி வடிய மாலையாகிவிடும். கடந்த பிறகு பூங்கா வரை வழியில் கூடாரம் போட அனுமதியில்லை, ஒரே ஓட்டமாகப் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் இருட்டில் ஆர்னெம் லாண்ட், சாலையின் நடுவில் எருமைகள். மூன்று தகவலையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரிதான். சேர்த்து வைத்தால் முதல் நாளே திட்டம் உடைகிறது.

கோபர்க்கில் ஓர் இரவை விட்டுக்கொடுத்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மெர்ல் முகாமில் தங்கி, காலைத் தாழ் ஓதத்தில் கடப்பது என்று முடிவானது. மெர்லில் கொசு எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்தவர்கள் வீட்டில் எதிர்ப்பு தெரிவித்தார்கள். எதிர்ப்பு நியாயமானதுதான்.

போனில் என்ன கேட்பது

"ரோடு எப்படி இருக்கிறது?" என்று ரேஞ்சரைக் கேட்டால் "பரவாயில்லை" என்பார். அவர் வாரத்தில் பாதி நாள் அதில் ஓட்டுகிறவர், அவருக்குப் பரவாயில்லைதான். கேள்வியை மாற்றிக் கேட்டேன். கடைசியாக நீங்கள் எப்போது அதில் வந்தீர்கள், எந்த வண்டியில்? கிரேடர், அதாவது மண்சாலையைச் சமன் செய்யும் இயந்திரம், எதுவரை வந்திருக்கிறது? மிக மோசமான ஒரு கிலோமீட்டர் எது? இந்த வாரம் யாராவது டிரெய்லர் இழுத்து வந்தார்களா, வந்தவர் அடுத்த முறையும் இழுத்து வருவாரா?

கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் சிரிப்பு வந்தது. ஒருவர் வந்தாராம், ஸ்பிரிங் உடைந்து இன்னும் அங்கேயே இருக்கிறாராம். கிரேடர் பாதி தூரம்தான் வந்திருந்தது. மீதியில் கொருகேஷன், தகரக் கூரை மாதிரி குறுக்கே வரிவரியாக. ஓர் ஓடை இறக்கத்தில் வலது ஓரம் அரித்துப் போயிருப்பதாகவும், இடப்பக்கம் ஒட்டி இறங்கும்படியும் சொன்னார். சாலை அறிக்கையில் இது எதுவுமே இல்லை, இருக்கவும் முடியாது. டிரெய்லரை வீட்டில் விட்டோம். அதில் போக வேண்டிய ஃப்ரிட்ஜ், பெரிய கூடாரம், நாற்காலிகள் எல்லாம் குறைந்து, இரண்டு வண்டிக்குள் அடங்கும் அளவுக்கு வந்தன. ஹைலக்ஸ்காரர் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

எரிபொருள் கணக்கு எளிது. ஜபிருவில் நிரப்பினால் போய்வர சுமார் 700 கிலோமீட்டர், உள்ளே சுற்றுவது தனி. வழியில் குன்பலன்யா என்ற ஊரில் பம்ப் உண்டு, ஆனால் வார இறுதியில் திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. மணலும் கொருகேஷனும் தார்ச்சாலையைவிட அதிகம் குடிக்கும். கேன் எடுத்தோம்.

நடந்தது

காலையில் கிராசிங்கில் நீர் தெளிவாக இறங்கியிருந்தது. முன்னால் ஒரு மீன்பிடி வண்டி கடந்ததைப் பார்த்தோம், சக்கரத்தின் மையத்துக்குக் கீழேதான் நீர். இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக, முன் வண்டி கரையேறிய பிறகே பின் வண்டி. இரண்டு நிமிட வேலை, அதற்குத்தான் அவ்வளவு கணக்கு.

மறுகரையில் டயர்களில் காற்றைக் குறைத்தோம். எங்கள் வண்டிகளுக்கு மண்சாலையில் 28 psi, பூங்கா மணலில் 20 psi சரியாக வந்தது. எடைக்கு ஏற்ப இது மாறும். கிரேடர் போன பகுதி சொகுசாக இருந்தது, ஆனால் அது ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போன தளர்ந்த மண் வரப்பு எதிரே வண்டி வரும்போது பொல்லாதது. ஒதுங்கினால் சக்கரத்தை உள்ளே இழுக்கும். கிரேடர் நின்ற இடம் கோடு போட்டது போலத் தெரிந்தது. அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது, பல் கிட்டும் அளவுக்கு அதிர்வு. மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியும் தெரியும், வேகம் கூட்டினால் அதிர்வு குறைவது போல இருக்கும், ஆனால் சக்கரம் தரையைத் தொடுவதும் குறையும். வளைவில் அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. காற்றைக் குறைத்திருந்ததால் நடுத்தர வேகத்தில் சமாளித்தோம்.

ஓடை இறக்கத்தில் ரேஞ்சர் சொன்ன அரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவர் சொன்ன இடப்பக்கமும் அதற்குள் கொஞ்சம் சரிந்திருந்தது. இறங்கிப் பார்த்தோம். ஈர மண்ணில் டிரெய்லர் சக்கரத் தடம் ஒன்று பள்ளத்தின் விளிம்பு வரை போய், அங்கே மண் பிளந்து, தடத்தின் ஓரம் மட்டும் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. ஹைலக்ஸ்காரர் குனிந்து கையால் அளந்து பார்த்தார். "சரி அண்ணை, விடுங்கோ" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மண்வெட்டியால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சரித்துவிட்டு இறங்கினோம்.

மரம் ஒன்றும் விழுந்து கிடந்தது, எரிந்த திட்டில்தான், ஆனால் முன்னால் போனவர்கள் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஸ்மித் முனையில் கூடாரம் போட்டபோது வெளிச்சம் பாக்கி இருந்தது. கடலில் கால் நனைக்க முடியாது, முதலை. ஆனால் கரையோரப் புல்லில் பான்டெங் மாடுகள் மேய்ந்தன. 1838 முதல் 1849 வரை பக்கத்து விரிகுடாவில் ஆங்கிலேயர்கள் விக்டோரியா என்று ஒரு குடியிருப்பு நடத்தி, தாக்குப்பிடிக்க முடியாமல் விட்டுப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்து விட்டுச் சென்ற மாடுகளின் வழிவந்தவை இவை. அந்தக் குடியிருப்புக்குத் தரைவழியே வந்து சேர்ந்தவர் லைக்கார்ட் என்ற நாடாய்வுப் பயணி, 1845 டிசம்பரில், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில். கடைசிக் கட்டத்தில் அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் வழிகாட்டியதால்தான் அவரால் வர முடிந்தது. எந்த ஓடையை எங்கே கடப்பது என்று அங்கேயே இருப்பவரைக் கேட்பது அன்றும் அதே வழிதான்.

திரும்பி வருவதற்கான சோதனை

பெரும்பாலான திட்டங்களில் இல்லாதது இது. கோபர்க்கில் மொபைல் சிக்னல் கிடையாது. போகும்போது பார்த்த அத்தனை தளங்களும் வரும்போது இல்லை. திரும்பும் நாளுக்கும் அதற்கு அடுத்த இரண்டு நாளுக்கும் கேஹில்ஸ் ஓத நேரங்களைத் தாளில் எழுதிப் போயிருந்தோம். டார்வினில் இருக்கும் நண்பர் ஒருவர் வாருவி ராடாரைப் பார்த்து எங்கள் சாட்டிலைட் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு. கிளம்பும் முன் பிளாக் முனை ரேஞ்சர் நிலையத்தில் மறுபடி அதே கேள்விகள். நாங்கள் இருந்தபோது ஓர் இரவு மழை தூறியது. தூறல்தான் என்றாலும் கரிசல் துண்டு நினைவில் இருந்ததால், விடிந்ததும் கிளம்பாமல் வெயில் ஏறும் வரை பொறுத்தோம். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து வந்த முதல் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தோம். செம்புழுதி மட்டும்தான் படிந்திருந்தது, களி ஒட்டியிருக்கவில்லை. கிளம்பினோம்.

தாமதமாகக் கிளம்பியதால் கிராசிங்கில் காத்திருக்க வேண்டி வந்தது. அதற்கென்றே மாலைத் தாழ் ஓதத்தையும் குறித்து வைத்திருந்தோம், ஆகவே யாரும் பதறவில்லை. ஜபிருவில் சிக்னல் வந்ததும் அந்த ஓடை இறக்கத்தைச் சாலைத் துறைக்குத் தெரிவித்தோம்: கிராசிங்கிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், இரண்டு ஓரமும் எவ்வளவு அகலத்துக்கு அரித்திருக்கிறது, எந்த நாள் எந்த நேரம் பார்த்தது, எந்த வண்டியில் எப்படிக் கடந்தோம், அதன் பிறகு அங்கே மழை பெய்ததா. போட்டோ இரண்டு, அளவுக்காகப் பக்கத்தில் மண்வெட்டியை வைத்து எடுத்தது.